கம்பளிப் பந்து உருண்ட பக்கம்

வந்திருந்தவர்கள்: ஓய்வுபெற்ற பல் டாக்டர். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஓர் அம்மா. இரட்டைச் சகோதரிகள், இருவரும் ஆசிரியைகள். நில அளவையர் ஒருவர், தூக்கத்தில். பம்பு மெக்கானிக் ஒருவர்.

வராதவர்கள்: யாரும் இல்லை.

வராமல் இருக்க அனுமதி கேட்டவர்கள்: பம்பு மெக்கானிக்.

கப்பலின் ஏழாம் தளத்தில் நடந்த பின்னல் வட்டத்தின் முதல் சந்திப்புக் குறிப்பு இப்படித் தொடங்குகிறது. எழுதியவள் பச்சைக் கோட்டு போட்ட ஓர் ஒருங்கிணைப்பாளர். கப்பலில் பச்சைக் கோட்டுக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர். கப்பலை ஓட்டுகிறவர்கள் அதைவிடக் குறைவு. பயணக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் பெருமையாக அச்சிட்டிருந்தார்கள்.

மெக்கானிக் அனுமதி கேட்டதற்குக் காரணம் சாதாரணமானது. அவருக்குப் பின்னத் தெரியாது. கட்டடங்களின் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்புகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். மகள் ஆசைப்பட்டுப் பன்னிரண்டு நாள் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்து கொடுத்தாள்.

ஏறும் இடத்தில் ஒரே கூட்டம். மனைவியின் கண்ணாடி பெட்டிக்குள் இருந்ததால் இரண்டு படிவங்களையும் அவரே நிரப்பினார். "உங்கள் ஆர்வம்" என்ற இடத்தில் தனக்குப் பம்பு என்று எழுதினார். மனைவியின் படிவத்தில் அதே இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் கூட இருந்தவளுக்கு எதில் ஆர்வம் என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் பிறந்த வருடம் அவள் மடியில் கம்பளி நூல் கிடந்த ஞாபகம் வந்தது. பின்னல் என்று எழுதினார். பின்னாலிருந்தவர்கள் நெருக்கியதில் கையெழுத்தை மாற்றிப் போட்டார். ஆர்வம் அச்சிட்ட அடையாள அட்டைகளில் அவருடையது அவள் கழுத்துக்கும் அவளுடையது அவர் கழுத்துக்கும் வந்தன.

"ஒரு காலுறை பின்னினேன். அதுவும் ஒத்தக் காலுக்கு," என்றாள் மனைவி. "அத வச்சி ஆர்வம்னு எழுதியிருக்கீங்க."

இப்படித்தான் அவர் ஏழாம் தளத்தில் பின்னல் வட்டத்திலும், அவள் இரண்டாம் தளத்தில் இயந்திர ஆர்வலர் வட்டத்திலும் போய் உட்கார்ந்தார்கள். இயந்திர ஆர்வலர்களுக்கு இரண்டாம் தளத்தை ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. பயணிகள் போகக்கூடிய தளங்களில் அதுதான் கடைசி. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர அறை. சத்தம் கேட்டால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று துறை நினைத்தது.

துறையின் பெயர் பயணிகள் சந்திப்புத் துறை. அதன் தலைமை ஒருங்கிணைப்பாளர் கழுத்தில் ஒரு சின்ன வெண்கல மணியைத் தொங்கவிட்டிருந்தார். பயணிகள் அவரை "பெல்லு" என்றார்கள், அவர் இல்லாதபோது. முதல் நாள் பெரிய கூடத்தில் அவர் வரவேற்புரை ஆற்றினார்.

"நண்பர்களே, மனிதனுக்கு மிகப் பெரிய ஆபத்து தனிமை. முந்தைய பயணங்களில் சிலர் சந்திப்பின் பாதியில் எழுந்து போனார்கள். மீதமிருந்தவர்கள் மனம் புண்பட்டது. ஆகவே இப்போது சந்திப்பு தொடங்கியதும் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கப்படும். தாமதமாக வரலாம். சீக்கிரம் போக முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, பாதியில் எழுந்து போனவர்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார்.

ஒரு நாளைக்கு ஐந்து சந்திப்புகள். சாப்பாடும் வட்டம் வட்டமாகத்தான். தூங்கும் நேரம் போக, கணவனும் மனைவியும் கேபினில் ஒன்றாக இருக்கப் பகல் இரண்டு மணியிலிருந்து இருபது நிமிடம் கிடைத்தது. அட்டவணையில் அதற்கு "இன்னும் ஒதுக்கப்படாத நேரம்" என்று பெயர்.

இரண்டாம் நாள் அந்த நேரத்தில் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, "என்னங்க, கீழ ஒரு பம்பு ஓடுது," என்றாள்.

"கப்பல்னா ஓடும்."

"நிக்கவே இல்லைங்க."

மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்த ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம்?"

"கதவைப் பூட்டினதிலேர்ந்து திறக்கிற வரைக்கும். நடுவுல ஒரு தடவை லேசா திணறிச்சு. நிக்கல."

"காத்து இழுத்திருக்கும்."

"காத்து இழுத்தா கடகடன்னு கேக்கும். அது கேக்கல. முழுசா தண்ணியத்தான் இழுக்குது."

அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கம்தான் பட்டறை. முப்பத்தொரு வருடமாக, எந்தப் பம்பு தேறும், எது தேறாது என்று அவள் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவளுடைய ஆர்வம் என்ன என்று படிவத்தில் கேட்டபோது இது ஏன் அவருக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது யோசித்துப் பயனில்லை.

எந்தக் கப்பலின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் சேரும். பம்பு அதை வெளியே தள்ளும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். நிற்கிற நேரம்தான் முக்கியம். நிற்காத பம்பு என்றால், வெளியேறும் அளவுக்கு உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லப் பம்பு மெக்கானிக் தேவையில்லை.

அவர் நேராகச் சந்திப்புத் துறையின் கவுண்டருக்குப் போனார். கப்பலில் வேறு கவுண்டர் கிடையாது. கவுண்டர்க்காரர் முன்னால் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன.

"கீழ ஒரு பம்பு பத்திச் சொல்லணும்."

"எந்தச் சந்திப்புல வந்த பேச்சு?"

"சந்திப்புல வரல. என் வீட்டுக்காரி சொன்னா."

"வீட்டுக்காரம்மாவ எந்தச் சந்திப்புல சந்திச்சீங்க?"

"கேபின்ல."

கவுண்டர்க்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத வெளிய சொல்லாதீங்க ஐயா. அது பதிவுல இல்லாத சந்திப்பு."

"சரி, விடுங்க. என்ஜினியர் யாராவது ஒருத்தர் வந்து பாத்தா போதும். தண்ணி உள்ள வருது."

"இயந்திரப் பேச்செல்லாம் இயந்திர ஆர்வலர் வட்டத்துக்குத்தான். உங்க அட்டையில பின்னல்னு இருக்கு."

"அது மாறிப்போச்சு. அவளோடது என்கிட்ட வந்துடுச்சு."

"முப்பத்தொரு வருஷம்னு படிவத்துல போட்டிருக்கீங்க. எது யாரோட அட்டைன்னு தெரியலையா?"

மெக்கானிக் கழுத்திலிருந்த அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கவுண்டர்க்காரர் இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார். விருப்ப மாற்ற விண்ணப்பம். கம்பளியின் மீது ஆர்வம் போனதற்கான காரணம் எழுத வேண்டும். வட்டத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு வட்டம் அவருக்கு வழியனுப்புச் சந்திப்பு நடத்தும். சந்திப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒப்புதல் வந்து சேரும். பூட்டிய கதவை இடையில் திறக்க விதி அனுமதிக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

"எத்தன நாளாகும்?"

"மனசு மாறுற விஷயம் ஐயா. அவசரப்படுத்த முடியுமா?"

காரணம் என்ற இடத்தில் மெக்கானிக், கப்பலுக்குள் தண்ணீர் வருகிறது என்று எழுதினார். கவுண்டர்க்காரர் படித்துப் பார்த்து, இது கம்பளி தொடர்பானதாக இல்லை என்று அடித்துவிட்டு, "தோல் அரிப்பு" என்று எழுதி ஸ்டாம்பு அடித்தார்.

மூன்றாம் நாள் பின்னல் வட்டத்தில் சகோதரிகளில் ஒருவர் கையிலிருந்து கம்பளிப் பந்து விழுந்தது. அது உருண்டு போய் இடது சுவரில் முட்டி நின்றது. எடுத்து மேசைமேல் வைத்தார்கள். மறுபடி விழுந்து மறுபடி அதே சுவருக்குப் போனது. சகோதரிகள் இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"கடல்னா அலை இருக்கும்," என்றார் பல் டாக்டர்.

"அலைன்னா போயிட்டுத் திரும்பி வரும் டாக்டர். இது போறதோட சரி."

மெக்கானிக்கின் குரலில் இருந்த ஏதோ ஒன்று நில அளவையரை எழுப்பிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, பந்தையும் தரையையும் தன் டீக் கோப்பையில் டீ நின்ற கோணத்தையும் பார்த்தார். முப்பது வருடம் சரிவு பார்த்த கண்.

"நூத்துக்கு ஒண்ணரை," என்றார். மறுபடி தூங்கிப்போனார்.

பச்சைக் கோட்டுப் பெண் குறிப்பில் எழுதினாள்: உறுப்பினர்களிடையே விளையாட்டு மனப்பான்மை வளர்ந்திருக்கிறது.

மெக்கானிக் விண்ணப்பத்தை டிக்கெட் பரிசோதகர் அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா ஒரு பக்கம் விடாமல் படித்தார், தொழில் பழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்களுக்கு அரிப்பு ஒண்ணும் இல்லையே," என்றார்.

"இல்லைங்க. பயம்."

அந்த அம்மா விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "கேப்டனோட டீ குடிக்க எனக்குக் குலுக்கல்ல விழுந்திருக்கு. நீங்க போங்க. நான் போய் அவர்கிட்ட என்ன கேக்கப் போறேன், டிக்கெட்டா?" டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கையெழுத்துப் போட வைத்தார்.

கேப்டனோடு தேநீர் நான்காம் நாள் காலை, புதன்கிழமை. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். மேசை நடுவில் ஓர் அட்டையில் அன்றைய பேச்சுப் பொருள்: கேப்டனின் இளமைக்காலம். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டதும் கேப்டன் தோள்களைக் குறுக்கிக்கொண்டதை மெக்கானிக் பார்த்தார். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு நாய்க்குட்டியைப் பற்றியும் கேப்டன் பேசினார். பச்சைக் கோட்டு இளைஞன் ஒருவன் மூலையில் நின்று குறிப்பெடுத்தான். கேப்டன் ஒவ்வொருவருக்கும் தானே டீ ஊற்ற வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மெக்கானிக்கிடம் வந்தபோது கொஞ்சம் தட்டில் சிந்தியது. சிந்திய டீ இடது பக்கமாக ஓடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஐயா, கீழ பம்பு நிக்காம ஓடுது," என்று மெக்கானிக் முணுமுணுத்தார்.

"தெரியும்," என்றார் கேப்டன், உதடு அசையாமல்.

"தெரிஞ்சுமா?"

"சீஃப் என்ஜினியர்கிட்ட கேக்கணும். அவரோட எனக்குச் சந்திப்பு சனிக்கிழமை."

"இறங்கிப் போய்க் கேட்டுடலாமே ஐயா."

"போனேன். மௌனம் விரும்புவோர் வட்டத்துல இருந்தாரு. கதவு பூட்டியிருந்துச்சு. தட்டினேன். உள்ள யாரும் பேசல." கேப்டன் சர்க்கரை போடுகிற சாக்கில் இன்னும் குனிந்தார். "போன பயணத்துல இப்படித்தான் நேராப் போய்ப் பேசினேன். என்னைக் குணமாகும் சந்திப்புல போட்டுட்டாங்க. மூணு நாள் இடைவெளியே இல்லாம. அந்த மூணு நாள் கப்பலை யார் ஓட்டினாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மூலையிலிருந்த இளைஞன் தொண்டையைச் செருமினான். கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த நாய்க்குட்டிக்கு வெள்ளை வால்," என்று தொடர்ந்தார். சர்க்கரைப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மெக்கானிக் இதுவரை பயந்தது தண்ணீருக்கு. அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது பயம் வேறு மாதிரி இருந்தது. மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்ச் சொன்னால் போதும் என்ற எண்ணம் இனி இல்லை.

அன்று பதினொரு மணிக்குப் பெரிய கூடத்தில் எல்லா வட்டங்களும் கூடும் பொதுச் சந்திப்பு. பெல்லு கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார். யாரும் கேட்பது வழக்கமில்லை. மெக்கானிக் எழுந்தார். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கப்பலுக்கு அடியில தண்ணி ஏறுது. பம்பு தாங்காது. எல்லாரையும் படகுகிட்ட வரச் சொல்லுங்க. அது முடியலன்னா, இரண்டாம் தளத்துல இருக்கிறவங்களையாவது மேல கொண்டுவாங்க."

பெல்லு புன்னகை செய்தார். ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

"கப்பலுக்கு அடியில் தண்ணீர் இருப்பதாக நண்பர் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். கப்பல் கடலில்தான் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துகிறேன்."

சிரிப்பு. சிலர் அடக்க முடியாமல் சிரித்தார்கள், பயந்தவர்கள் சிரிப்பது போல.

"ஆனால் நண்பரின் அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. அச்சம் கொண்டோர் வட்டம் ஒன்றை இன்றே தொடங்குகிறேன். முதல் சந்திப்பு திங்கட்கிழமை. படகுகளைப் பற்றிச் சொன்னார். படகருகே கூடுவதும் ஒரு சந்திப்புதான். எந்தச் சந்திப்புக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மற்றச் சந்திப்புகளோடு மோதக் கூடாது. அப்படி ஒரு நேரத்தை எங்கள் குழு தேடிப் பார்த்தது. பயணம் முடிந்த மறுநாள் காலை பத்து மணி காலியாக இருக்கிறது."

அவர் கொஞ்சம் நிறுத்தினார். அடுத்துச் சொன்னதை உண்மையான உணர்ச்சியோடு சொன்னார், கண்கள்கூடக் கலங்கின.

"இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இந்தக் கப்பலில் எது நேர்ந்தாலும், அது யாருக்கும் தனியாக நேராது."

பலத்த கைதட்டல். முன்வரிசை மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து இடது ஓரத்துக்கு வந்திருந்தன. ஒன்று விழுந்து உடைந்தது. அதையும் கைதட்டலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பகல் இரண்டு மணிக்கு மனைவி கேபினுக்கு வந்தபோது அவள் செருப்பு தரையில் ஈரத் தடம் போட்டது.

"கம்பளம் நனைஞ்சிருக்குங்க. சுவர் ஓரமா."

"பம்பு?"

"குரல் மாறிடுச்சு. காலைலேர்ந்து ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் பாடுது. நம்ம ஆஸ்பத்திரிக் கட்டட பம்பு, எரியறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பாடிச்சே, அந்த மாதிரி."

மெக்கானிக் கதவை உள்பக்கமிருந்து பூட்டினார். "நாலு மணிக்கு நீ போகாத."

"போகலன்னா வந்து கூட்டிட்டுப் போவாங்க. நேத்து எங்க வட்டத்துக் கடிகாரக்காரரு வரலன்னு ரெண்டு பேரு போய், ஆளுக்கொரு முழங்கையைப் புடிச்சுக் கொண்டாந்தாங்க. ரொம்ப மரியாதையா."

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்க."

"முப்பத்தொரு வருஷத்துல நீங்க சொன்னதுலயே நல்ல யோசனை இதான்," என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. படகு எங்க இருக்குன்னு பாத்து வச்சிட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"ரெண்டு பக்கமும் இறங்காது. சாஞ்ச பக்கம் இருக்கறதுதான் இறங்கும். அந்தப் பக்கம் பாத்து வைங்க. நான் வந்ததும் போயிடலாம்."

இரண்டு இருபதுக்கு, அடுத்த சந்திப்புக்காகக் கதவைத் தட்டினார்கள். பூட்டியிருப்பதைப் பார்த்துப் பச்சைக் கோட்டு ஆண்கள் இருவர் வெளியே நின்று, உள்ளே யாராவது தனியாக இருக்கிறீர்களா என்று கனிவாகக் கேட்டார்கள். சாவி அவர்களிடமும் இருந்தது. மனைவி எழுந்தாள். நனைந்த செருப்பை விட்டுவிட்டுக் கணவனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு இரண்டு விரல் பெரிது.

நான்கு மணிக்குப் பின்னல் வட்டத்தில் மெக்கானிக்குக்கான வழியனுப்புச் சந்திப்பு. பூட்டியதும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து தளத்துக்குக் கீழே அவளையும் இதே நிமிடத்தில் பூட்டியிருப்பார்கள்.

பல் டாக்டர் வழியனுப்புரை ஆற்ற எழுந்தார். "நாலு நாள்தான் பழக்கம். இவர் ஒரு கண்ணிகூடப் போட்டதில்ல. ஆனா பந்து விழுந்தப்பல்லாம் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தவர் இவர்தான்." அவருக்கு நேராக நிற்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

சகோதரிகள் அவருக்கு ஒரு புதிய கம்பளிப் பந்தைப் பரிசாகக் கொடுத்தார்கள், நீல நிறம். அவர் வாங்குவதற்குள் அது நழுவியது. உருளவில்லை, ஓடியது. சுவரில் மோதிய சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நில அளவையரைப் பார்த்தார்கள்.

"நூத்துக்குப் பதினஞ்சு," என்றார் அவர். இந்த முறை தூங்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தபடி கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"அப்படின்னா என்ன?" என்றார் டிக்கெட் பரிசோதகர் அம்மா.

"இந்தச் சரிவுல நாங்க வீடு கட்ட அனுமதி கொடுக்க மாட்டோம்."

பச்சைக் கோட்டுப் பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பேனா கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டபோது அவள் அதைத் தடுத்துப் பிடித்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"பாப்பா, கதவைத் திறக்கச் சொல்லும்மா," என்றார் டாக்டர்.

"இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு சார்."

"உனக்குப் பயமா இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போது வெளியே சாவி திரும்பியது. இன்னொரு பச்சைக் கோட்டுப் பெண் ஒரு தாளோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆண்கள் இருவர்.

"பம்பு மெக்கானிக் ஐயா, வாழ்த்துகள். உங்க விருப்ப மாற்றம் அனுமதிக்கப்பட்டுடுச்சு. இந்த நிமிஷத்திலேர்ந்து நீங்க இயந்திர ஆர்வலர். உங்க வட்டத்துல இப்ப சந்திப்பு நடக்குது. இருபத்தஞ்சு நிமிஷம்தான் தாமதம். வாங்க."

டாக்டரும் சகோதரிகளும் ஒன்றாக எழுந்தார்கள். ஆண்கள் இருவரும் வாசலில் தோளோடு தோள் நின்றார்கள், மரியாதையாக. மெக்கானிக் சுவரோரமாகக் கிடந்த நீலப் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அவர்களுக்கிடையே நுழைந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் டாக்டரின் குரல், "சீக்கிரம் போய்ச் சொல்லுங்க," என்றது. யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை.

நடைபாதையின் இடது பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே படகுகள் தொங்கின. அவை இருக்க வேண்டிய இடத்தைவிடக் கப்பலைவிட்டுத் தள்ளித் தொங்கின. பதினொன்றாம் எண் படகின் மேல் "நூற்றிருபது பேர்" என்று எழுதியிருந்தது. வெளிக்கதவு ஐம்பது அடி தூரம். ஆண்கள் பின்னால் வந்தார்கள். தான் ஓடினால் அவர்களால் பிடித்துவிட முடியாது என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் அவருடைய ரப்பர் செருப்பு மனைவியின் காலில், இரண்டாம் தளத்தில் இருந்தது.

"ஐயா, நேரமாகுது," என்றாள் பெண்.

"இறங்கலாம்," என்றார் மெக்கானிக்.

மாடிப்படியில் கைப்பிடியில்லாமல் நடக்க முடியவில்லை. மூன்றாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் இயந்திர அறை ஆள் ஒருவன் எதிரே ஓடிவந்தான். அவன் கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. மெக்கானிக்கைப் பார்த்ததும் நின்றான். வாய் அசைந்தது. பச்சைக் கோட்டைப் பார்த்தான். அவர்களோடு அவனுக்குச் சந்திப்பு ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. "வணக்கம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினான்.

இரண்டாம் தளத்தில் கம்பளம் மிதிக்கும்போது சத்தம் எழுப்பியது. பெண் தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு பார்க்காத மாதிரி நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு பாடிக்கொண்டிருந்தது, மனைவி சொன்ன அதே மாதிரி. மெக்கானிக் நடந்தபடியே கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பச்சைக் கோட்டுப் பெண் கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே எட்டுப் பேர். யாரோ ஒருவர் நீராவி எஞ்சினின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தார்கள். மனைவி வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை.

மெக்கானிக் வாசற்படியிலேயே நின்றார். வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, நீலக் கம்பளியைப் பிய்த்து, கதவுநிலையில் பூட்டின் நாக்கு நுழையும் குழிக்குள் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தார். முப்பது வருடம் வேலை செய்த விரல். பார்க்காமலேயே குழி நிறைந்துவிட்டது. கதவு சாத்தும், ஆனால் பூட்டாது. அவர்கள் போனதும் இழுத்தால் திறக்கும். அவர் உள்ளே காலை வைத்தார்.

"ஐயா," என்றாள் பெண் பின்னாலிருந்து.

அவர் திரும்பினார். அவள் குனிந்து, குழியிலிருந்து கம்பளியைத் தன் பேனா முனையால் நிதானமாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி இழை வரைக்கும் எடுத்தாள்.

"நீங்க இப்ப பின்னல் வட்டம் இல்லையே ஐயா. இத நான் மேல கொடுத்துடறேன்." அவர் பையிலிருந்த மீதிப் பந்துக்கும் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"அம்மா, உனக்கும் காது இருக்குல்ல. கேளு," என்றார் அவர்.

அவள் கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு முறை திணறி, நின்றது.

"அப்பாடா," என்றார் வரலாறு படித்துக்கொண்டிருந்தவர். "நாலு நாளா இந்த இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. இப்பத்தான் நிம்மதியாப் பேசலாம்." இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

மெக்கானிக்கும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.

"வந்து உக்காருங்க. காலைத் தூக்கி வச்சிக்கோங்க."

வாசலில் நின்றவள் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. கதவை மெதுவாக, யார் மனமும் புண்படாதபடி சாத்தினாள். பிறகு சாவி ஒரு முறை முழுதாகத் திரும்பியது.